அமெரிக்க லைசென்ஸும் அப்பாவின் காரும்

வெளிநாட்டில் வாழ்ந்து, டிசம்பர் விடுமுறைக்குச் சென்னை வரும் பிள்ளைகள், வந்த மறுநாளே அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்வருவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், சாவியைக் கொடுக்கும் பெற்றோரை நான் கேட்பது இதைத்தான்: பிள்ளையிடம் உள்ள உரிமம் இங்கே செல்லுமா?

அமெரிக்க லைசென்ஸ் மட்டும் போதாது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும், அதாவது ஐ.டி.பி.யும், கூடவே இருக்க வேண்டும். லைசென்ஸ் கொடுத்த நாட்டில்தான் அதை வாங்க முடியும், ஓராண்டுக்குத்தான் செல்லும். பத்தாண்டு செல்லும் என்று இணையத்தில் விற்கப்படும் அட்டைகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

"பழைய சென்னை லைசென்ஸ் இருக்கிறதே" என்பார்கள். காலாவதியாகாமல் இருந்தால் அதுவே போதும். ஆனால், முன்பு காலாவதிக்குப் பின் கிடைத்த 30 நாள் சலுகையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. ஓராண்டு கடந்திருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதத்தோடு போய்விடும் என்று நினைப்பவர்கள், காப்பீட்டுப் பாலிசியை எடுத்து 'டிரைவர்ஸ் கிளாஸ்' என்ற பத்தியை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். விபத்து நடந்த நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இருந்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கும். அது இல்லையென்றால் சொந்தக் காரின் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். எதிரே பைக்கில் வந்தவர் அடிபட்டிருந்தால், அவருக்கான இழப்பீட்டை நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கார் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு தீர்ப்பாயம் உத்தரவிடுவதுண்டு. பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட இந்த நியாயமான முறையை நாங்கள் 'பே அண்ட் ரெகவரி' என்போம்.

அந்த உரிமையாளர், ஓட்டிய மகன் அல்லர். ஓய்வூதியத்தில் வாழும் அப்பா. உரிமம் இல்லை என்று தெரிந்தோ, சரிபார்க்காத அலட்சியத்தாலோ அவர் வண்டியைக் கொடுத்தார் என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் தெளிவுபடுத்தியது. சம்பளத்துக்கு வைத்த ஓட்டுநர் போலி லைசென்ஸைக் காட்டி ஏமாற்றியிருந்தால் இந்தத் தீர்ப்பு உரிமையாளரைக் காப்பாற்றக்கூடும். பெற்ற பிள்ளை விஷயத்தில் தெரியாது என்று கூண்டில் ஏறிச் சொன்னால் எடுபடுவது கடினம். பணத்தை வசூலிக்க நிறுவனம் தனி வழக்குப் போடவும் தேவையில்லை. தீர்ப்பாயத்தின் உத்தரவை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனு போதும், வீடுகூட ஜப்திக்கு வரலாம்.

இங்கிருந்து வெளிநாடு போகிறவர்களும் கவனிக்க வேண்டும். குடியேறிய பின் இந்திய லைசென்ஸில் ஓட்ட ஜெர்மனியில் ஆறு மாதம், பிரிட்டனில் 12 மாதம், கனடாவின் ஒண்டாரியோவில் 60 நாள்தான் அவகாசம்.

லைசென்ஸில் சந்தேகம் இருந்தால், விடுமுறை முடியும்வரை தற்காலிகமாக வந்து ஓட்டித்தரும் ஒரு ஆக்டிங் டிரைவரை அமர்த்திக்கொள்ளுங்கள். விபத்தே நடந்துவிட்டால், மகனுக்குப் பதிலாக அப்பா ஓட்டினார் என்று மட்டும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சாலையோரக் கேமராவும் செல்போன் பதிவும் ஓட்டியவர் யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் இழப்பீட்டு வழக்கோடு பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்கும் அப்பாவே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.