பேஸ் கிட்டார் இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது?

பேஸ் கிட்டாரை ஆம்பில் செருகி, கம்பி எதையும் மீட்டாமல் வால்யூமை மட்டும் ஏற்றிப் பாருங்கள். 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். அதன் சுருதி கிட்டத்தட்ட ஜி. நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அடிக்கிறது. ஈ கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலில் 100 ஹெர்ட்ஸும் கலந்திருக்கும்; அழுத்தாமல் மீட்டும் ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் பலமாக இருக்கும் நேரத்தில் அந்தக் கம்பியை மீட்டினால், வினாடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்குவது காதுக்கே தெரியும்.

சாதாரண கிட்டாரில் இது இவ்வளவு பெரிய தொல்லை இல்லை. அதன் மிகத் தாழ்ந்த சுரமே 82 ஹெர்ட்ஸ் என்பதால், அதற்குக் கீழே உள்ளதை ஃபில்டர் போட்டு வெட்டினால் 50 ஹெர்ட்ஸ் அடங்கிவிடும், பாட்டுக்கும் நஷ்டமில்லை. பேஸ் தொடங்குவதே 41 ஹெர்ட்ஸில். இங்கே இரைச்சலை வெட்டினால் வாசிப்பும் சேர்ந்து போய்விடும். எனவே அது உள்ளே நுழையும் இடத்திலேயே தடுத்தாக வேண்டும்.

நுழைவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்த வழி என்று பார்க்காமல், இரைகிறது என்றதும் புது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) வாங்குவதுதான் பேஸ் வாசிப்பவர்கள் பணத்தை வீணடிக்கும் முதல் இடம் என்பது என் உறுதியான எண்ணம். பிக்கப் எந்தத் தப்பும் செய்யாமல் இருக்கலாம். பக்கத்து மேஜையில் உள்ள கம்ப்யூட்டர், சுவரில் உள்ள பிளக், ஜாக்கில் விட்டுப்போன ஒரு சால்டர் எல்லாமே இதே சத்தத்தைத் தரும்.

முதல் வழி காந்தப்புலம். பிக்கப்புக்குள் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். அந்தக் கம்பி சுமார் 0.063 மில்லிமீட்டர் தடிமன், ஏறக்குறைய தலைமுடி அளவு. அதைப் பல ஆயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இருக்கும் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே தூண்டல் விதி. சிக்கல் என்னவென்றால், காந்தப்புலத்தை அசைத்தது கிட்டார் கம்பியா, ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரா என்று சுருளுக்குத் தெரியாது. எது அசைத்தாலும் மின்னழுத்தம் பிறக்கும்.

லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் இருந்தது ஒற்றைச் சுருள். இரைச்சலை அது அப்படியே வாங்கும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் இதற்கு ஹம்பக்கர் என்ற ஓர் அழகான தீர்வு கண்டார். இரண்டு சுருள்கள். இரண்டாவதில் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி, காந்த முனையையும் தலைகீழாக வைத்தார். வெளியில் இருந்து வரும் இரைச்சலுக்கு உள்ளே இருக்கும் காந்தம் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். சுற்றின் திசை மட்டுமே அதைப் பாதிக்கும். எனவே இரண்டு சுருளிலும் இரைச்சல் எதிரெதிராகப் பிறந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கிறது. கிட்டார் கம்பியின் ஒலிக்கோ சுற்றும் தலைகீழ், காந்தமும் தலைகீழ். இரண்டு மாற்றமும் சேர்ந்து பழைய திசைக்கே வந்துவிடுவதால் அது கூடுகிறது. ஃபெண்டரும் 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு சுருள், டி, ஜி கம்பிகளுக்கு ஒரு சுருள் என்று இதே தத்துவத்தில் அமைத்தார். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனித்தனி பிக்கப்புகள். இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் அமைதி. ஒன்றைக் குறைத்ததும் இரைச்சல் தலைகாட்டும். அதைப் பழுது என்று நினைத்து ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அது அப்படித்தான் இருக்கும்.

இரைச்சல் காந்தப்புலத்தால்தானா என்று அறிய மல்டிமீட்டர்கூடத் தேவையில்லை. பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று திரும்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் உச்சத்துக்குப் போய், அங்கிருந்து சுமார் 90 பாகை திரும்பியதும் நன்றாகக் குறைந்தால், அது காந்தப்புலம்தான். புலத்தின் கோடுகள் சுருளுக்குள் நேராகப் பாயும்போது சத்தம் அதிகம், பக்கவாட்டில் போகும்போது குறைவு. செகண்ட் ஹேண்டில் பேஸ் வாங்கப் போகிறவர்களும் காசு கொடுப்பதற்கு முன் இப்படி ஒரு சுற்று திரும்பிப் பார்த்துவிட வேண்டும். பழைய குண்டு மானிட்டர்கள் இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒற்றைச் சுருள் பேஸை வைத்து ரெக்கார்டிங் செய்வது பெரும்பாடு. எலெக்ட்ரான் கற்றையைத் திரை முழுக்க ஓட்டுவதற்கு அவற்றில் பெரிய காந்தச் சுருள்கள் இருந்தன. தட்டைத் திரைகள் வந்ததும் அந்தத் தலைவலி போயிற்று.

இரண்டாவது வழி மின்புலம். சுவருக்குள் ஓடும் வயர், டியூப் லைட், பவர் அடாப்டர் எல்லாவற்றைச் சுற்றியும் மாறும் மின்புலம் இருக்கிறது. நம் உடம்பு மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால் அந்தப் புலத்தை வாங்கிக்கொண்டு ஆன்டெனா ஆகிவிடுகிறது. பேஸை அணைத்துப் பிடித்திருக்கும்போது அந்த ஆன்டெனா பிக்கப்புக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கிறது. இதற்காகவே பேஸுக்குள், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற உலோகப் பாகத்தில் இருந்து எர்த்துக்கு ஒரு வயர் போகும். கம்பியைத் தொட்டதும் உங்கள் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடும், இரைச்சல் இறங்கும்.

இந்த ஒரு விஷயத்தை வைத்தே பாதிப் பழுதுகளைக் கண்டுபிடித்துவிடலாம். கம்பியைத் தொட்டால் கொஞ்சம் குறைகிறதா? சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கம்பியைத் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை, கேபிள் பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறதா? பிரிட்ஜுக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறு முனையைப் பிளக்கின் உலோகத்திலும் வையுங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால், யாரோ ஜாக்கில் இரண்டு வயரையும் மாற்றி சால்டர் செய்திருக்கலாம், அல்லது ஆம்பின் எர்த்தே இல்லாமல் இருக்கலாம். தொடும்போது மிக அதிகமாகக் குறைகிறது, கையை எடுத்தால் தாங்க முடியவில்லை என்றால், உட்குழியில் செம்பு ஃபாயில் ஒட்டும் வேலை இருக்கிறது. ஒட்டும்போது ஒரு துண்டின் மேல் அடுத்த துண்டு ஏறி, எல்லாம் மின்தொடர்போடு எர்த்துக்குப் போக வேண்டும். எர்த்தில் சேராத ஃபாயிலால் பயன் இல்லை.

ஃபாயில் ஒட்டியும் இரைச்சல் போகவில்லை என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. செம்பு ஃபாயில் மின்புலத்தைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. அந்த அதிர்வெண்ணில் காந்தப்புலம் கணிசமாக மங்க வேண்டும் என்றால் செம்பு 9 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும். நாம் ஒட்டுவதோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தகடு. எனவே திரும்பினால் குறையும் இரைச்சலுக்கு ஹம்பக்கர் வகை பிக்கப், தொட்டால் குறையும் இரைச்சலுக்கு ஃபாயில். மாற்றி வாங்கினால் செலவுதான் மிச்சம்.

சின்னச் சாமான்கள் வாங்குவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். குமிழைத் திருப்பும்போது கரகர என்றால் அதன் அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டருக்குள் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்து தடவை திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் கேட்கும்போது லாக் (லாகரிதமிக்) வகை என்று அழுத்திச் சொல்லுங்கள், லீனியர் போட்டால் வால்யூம் குமிழின் ஒரே மூலையில் எல்லா மாற்றமும் நடந்துவிடும். பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் என்றால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அதில் ஜாக்தான் சுவிட்ச். கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இனி மூன்றாவது வழி. இது கம்ப்யூட்டரும் ஆம்பும் ஒரே கேபிளில் சேரும்போது வருகிறது. லேப்டாப்பில் பாட்டைப் போட்டு, அதன் ஆடியோவை ஆம்பில் கொடுத்து கூடவே வாசிக்கிறீர்கள். லேப்டாப் ஒரு பிளக்கில், ஆம்ப் எதிர்ச்சுவரில் வேறொரு பிளக்கில். இரண்டு பிளக்கின் எர்த்தும் கச்சிதமாக ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. அந்தச் சிறு வித்தியாசம் ஆடியோ கேபிளின் வெளி உறை வழியாக ஓடத் தொடங்கும். இதுதான் கிரவுண்ட் லூப். 50 ஹெர்ட்ஸ் மட்டும் அல்ல, கம்ப்யூட்டரின் உள்வேலையும் சேர்ந்து கேட்கும். மவுஸை நகர்த்தினால் ஒரு கீச்சொலி, பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் இன்னொரு கீச்சொலி. யுஎஸ்பி தகவலை ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு ஒரு கட்டாக அனுப்புவதால், 1,000 ஹெர்ட்ஸில் மெல்லிய விசிலும் வரலாம். அடாப்டரைக் கழற்றி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் இந்த வழிதான்.

இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பாதி குறையும். மீதிக்கு, ஆடியோ கேபிளின் நடுவில் இணைக்கும் டிஐ பாக்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த வகை ஒன்று வாங்கலாம். அதில் ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், வயர் தொடர்பு இல்லை, எனவே சுற்றுப்பாதை அறுந்துவிடும். பிக்கப்புக்குக் கொடுப்பதை விட இதற்குக் கொடுக்கும் காசு பல பேருக்கு உருப்படியானது.

ஆனால் காசில்லாத ஒரு வழியும் புழக்கத்தில் இருக்கிறது: ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை முறிப்பது, அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுவது. இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பேஸின் கம்பிகள் எர்த்தோடு இணைந்தவை என்று மேலே பார்த்தோம். எர்த் இல்லாத ஆம்பில் ஒரு பழுது வந்தால் 230 வோல்ட் நேராக உங்கள் விரலுக்கு வரும். மறு கை மைக்கைத் தொட்டால் அந்த மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் போகும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் செய்யப்படாத மைக்கை அவர் தொட்டிருந்தார்.

இதே எர்த் விஷயத்தில்தான் அலுவலகங்கள் மீது எனக்கு உண்மையான வருத்தம். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில், வெளியே போகும் மின் இரைச்சலைத் தடுக்க இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில், இன்னொன்று நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில். 2.2 நானோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 230 வோல்ட்டில் சுமார் 0.16 மில்லியாம்ப் கசியும். எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் தரைக்குப் போய்விடும். வயர் அறுந்திருந்தால் கம்ப்யூட்டரின் உலோகப் பெட்டி பாதி மின்னழுத்தத்தில், அதாவது 115 வோல்ட் அளவில், நிற்கும். தொட்டால் சுரீர் என்னும். ஒரு கம்ப்யூட்டர் என்றால் ஆபத்து குறைவு. இருபது, முப்பது கம்ப்யூட்டர்கள் ஒரே எர்த் வயரில் இருந்து, அந்த வயர் பின்னால் எங்கோ விட்டுப்போயிருந்தால், எல்லாப் பெட்டிகளின் கசிவும் ஒன்றுசேர்ந்து தொடுகிறவரின் உடம்பில் இறங்கும். 10 மில்லியாம்ப் அளவிலேயே கைத் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். ஒரு கம்ப்யூட்டருக்கு 3.5 மில்லியாம்ப் வரை கசிவு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உலோக உடல் லேப்டாப்பில் கை வைத்தால் மெல்லிய நடுக்கம் தெரிகிறது என்று சொல்பவர்கள் நிறைய. இரண்டு பின் அடாப்டரிலும் இதே வகைக் கெப்பாசிட்டர் கசிவுதான் காரணம். அதன் உச்ச வரம்பு 0.25 மில்லியாம்ப் என்பதால் உயிருக்கு ஆபத்து இல்லை, எரிச்சல் மட்டும்தான். மூன்று பின் வயரோடு வரும் அடாப்டரை எர்த் உள்ள பிளக்கில் செருகினால் அந்த நடுக்கமும் போகும். ஆனால் அந்த அடாப்டரையே கன்வெர்ட்டர் போட்டு இரண்டு பின் ஓட்டையில் செருகுவதை எத்தனை மேஜைகளில் பார்க்கிறோம்! வேகமான பிராசசர், கூடுதல் மெமரி, மூன்று மானிட்டர் என்று கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள், பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒரு தடவை அளந்து பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் வாங்கும் பட்ஜெட்டில் முதல் வரியாக அது இருக்க வேண்டும் என்பேன்.

அளப்பது எலெக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிட வேலை. லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், லைனுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதே 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் வந்தால் சாதாரணமாக எர்த் இணைப்பு இருக்கிறது என்று பொருள். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 115 மாதிரி ஒரு எண் தடுமாறிக்கொண்டு நின்றால், அந்த ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயர் இல்லை. அதைச் சரிசெய்யும் வரை அங்கே ஆம்பையும் செருக வேண்டாம், கம்ப்யூட்டரையும் செருக வேண்டாம்.