ரத்தம் திரும்பி வரும் அந்தச் சில நிமிடங்கள்

பைபாஸுக்கு முதல் நாள் மாலை வார்டுக்குப் போய் எடை, உயரம், ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குறித்துக்கொண்டு வருவேன். ஆபரேஷனின்போது இதய-நுரையீரல் மெஷினை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் நான். அந்த வேலையில் அதுவும் சேர்த்தி. எந்தப் படுக்கைக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "சார், இதயத்தை நிறுத்திருவீங்களாமே?"

பெரும்பாலும் நிறுத்துவோம். மகாதமனியில் கிளாம்ப் (இடுக்கி) போட்டு இதயத்துக்குப் போகும் ரத்தத்தை அடைத்ததும், இதயத்தை நிறுத்துவதற்கான, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கார்டியோபிளீஜியா கரைசல் இதயத் தமனிகளுக்குள் போகும். தசை தளர்ந்து அடங்கும், திரையில் கோடு நேராகும். உடம்புக்கான ரத்த ஓட்டத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். துடிக்காத இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். குளிர வைத்தால் இன்னும் குறையும்.

எனக்குப் பயம் கிளாம்பை எடுக்கும்போதுதான். ரத்தமில்லாமல் கிடந்த செல்லுக்குள் ஆக்சிஜன் ஒரேயடியாகப் பாய்ந்தால், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதைச் சமாளிக்க முடியாமல் சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று நச்சாகக் கக்கும். செல்லின் சவ்வை அவை அரிக்கும். கால்சியமும் கூடவே உள்ளே புகும். பைபாஸில் வைத்துத் தைத்த ரத்தக்குழாய் ஒட்டுகள் கச்சிதமாக இருந்தும் சில இதயங்கள் மரத்துப்போய், ஓரிரு நாள் ஐ.சி.யூ.வில் மருந்தின் பலத்தில் துடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு எடுத்தவுடன் விருந்தா வைப்போம்? கஞ்சித் தண்ணீர்தான். அதே பக்குவம் இங்கேயும் வேண்டும். கார்டியோபிளீஜியா கரைசலில் நோயாளியின் ரத்தத்தையே கலப்போம். சிவப்பணுக்களில் உள்ள கேட்டலேஸும் குளுட்டாதயோனும் இந்த நச்சை முறிப்பவை. டெல் நிடோ என்ற வகைக் கரைசல் என்றால் நான்கு பங்கு கரைசலுக்கு ரத்தம் ஒரு பங்கு. அதிலுள்ள மேனிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால், ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற இன்னொரு நச்சைப் பிடித்துக்கொள்ளும். கிளாம்பை எடுக்கும்போது பம்பின் ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றுவேன். ஆக்சிஜனும் அளவோடுதான்.

இந்த அளவு லேசில் கிடைத்ததல்ல. 1955-ல் லண்டனில் மெல்ரோஸ் என்ற மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்திக் காட்டினார். அடர்த்தி அதிகமாகி, காக்க வேண்டிய தசையே கெட்டது. அந்த வழி பல வருடங்கள் ஓரங்கட்டப்பட்டது.

போன மாதம் ஒரு பெரியவரின் மகள் பை நிறைய மாத்திரைகளோடு நின்றார். வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், பூண்டு கேப்ஸ்யூல். "ஆன்டிஆக்சிடன்ட் இதயத்துக்கு நல்லதுன்னாங்க சார், அப்பாவுக்கு ஒரு வாரமா குடுக்குறேன்." டாக்டரிடம் சொன்னீர்களா என்றேன். இல்லை. அவர் அன்பில் குறையே இல்லை. ஆனால் அந்த மாத்திரைகள் கிளாம்ப் எடுக்கும் நேரத்தில் இதயத்தைக் காக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. வைட்டமின் ஈயும் பூண்டு கேப்ஸ்யூலும் அதிகமானால் ரத்தக்கசிவைக் கூட்டவும் கூடும். சிகரெட்டை விடுவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் உண்மையிலேயே உதவும். கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, எதுவானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எதை, எப்போது என்று டாக்டர் சொல்வார்.

அந்தப் பெண் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பெயரும் அளவும் எழுதிக் கொடுத்தார். தாளை ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தி, மயக்க மருந்து டாக்டரைப் போனில் கூப்பிட்டேன்.