விசாரணை அல்ல, துருவாய்வு

பிரிட்டன் போன்ற நாடுகளில் மத்திய வங்கி ஆளுநரையோ தலைமைத் தணிக்கையாளரையோ பதவியில் அமர்த்துவதற்கு முன் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுப் பேசினால், தமிழ்ச் செய்தியில் அது உடனே ‘விசாரணை’ ஆகிவிடுகிறது. ‘புதிய ஆளுநரிடம் நாடாளுமன்றக் குழு விசாரணை’, ‘சம்பளம் குறித்து விசாரணை’ என்று தலைப்பு வருகிறது. படிப்பவருக்கு என்ன தோன்றும்? மனிதர் எதையோ சுருட்டிவிட்டு மாட்டிக்கொண்டார் என்றுதான் தோன்றும். அவர் இன்னும் வேலையிலேயே சேரவில்லை என்பது செய்தியை முழுக்கப் படித்தவருக்குத்தான் தெரியும்.

ஆங்கிலத்தில் இதற்கு ஸ்க்ரூட்டினி என்று பெயர். லத்தீனில் ஸ்க்ரூட்டா என்றால் கந்தல், உடைசல், குப்பை. அதைக் கிளறித் தேடுவது ஸ்க்ரூட்டாரி. அங்கிருந்து வந்த சொல், முதலில் ஒரு பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்குவதைக் குறித்தது. போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்புக்கு இன்றும் இதுதான் பெயர். பிரெஞ்சிலும் இதே வேரில் பிறந்த சொல்லுக்கு வாக்கெடுப்பு என்றே பொருள். கூர்ந்து பார்த்தல் என்ற பொருள் ஆங்கிலத்தில் பின்னால் வந்து நிலைத்தது. சொல்லின் பிறப்பிலும் சரி, வளர்ப்பிலும் சரி, குற்றவாளிக் கூண்டு எங்குமே இல்லை.

விசாரணை எப்படி உள்ளே வந்தது? இன்னொரு ஆங்கிலச் சொல் வழியாக. குழுவின் அமர்வை அவர்கள் ஹியரிங் என்கிறார்கள். நீதிமன்றத்தில் வழக்கை எடுத்துக்கொள்வதும் ஹியரிங்தான். நீதிமன்றத்து ஹியரிங்குக்கு விசாரணை என்று எழுதிப் பழகிய கை, நாடாளுமன்றத்து ஹியரிங்குக்கும் அதையே எழுதிவிட்டது. அப்புறம் ஸ்க்ரூட்டினியும் அதற்குள்ளேயே அடங்கிப்போனது.

‘விசாரித்தல் என்றால் வெறுமனே கேட்பதுதானே, நலம் விசாரிக்கிறோமே’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆன்ம விசாரணை என்று ஞானிகளும் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த அகலமான பொருள் ‘விசாரி’ என்ற வினையிலும் ஞானிகளின் வழக்கிலும்தான் தங்கியிருக்கிறது. பெயர்ச்சொல்லாக, அதுவும் அரசு சம்பந்தப்பட்ட வாக்கியத்தில் வந்துவிட்டால், விசாரணை என்றாலே விசாரணைக் கைதி, விசாரணை ஆணையம், துறைவாரி விசாரணை, ‘விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்’. இத்தனை ஆண்டுக் காவல்நிலைய வாடையை அகராதியைக் காட்டிப் போக்கிவிட முடியாது. நலம் விசாரித்ததை யாராவது ‘நல விசாரணை நடத்தினேன்’ என்கிறோமா?

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக மார்க் கார்னியை நியமிக்கப்போவதாக 2012 நவம்பரில் அறிவித்தார்கள். ஆண்டுச் சம்பளம் 4,80,000 பவுண்டு, ஓய்வூதியத்துக்கு ஈடாக 1,44,000, வீட்டுப்படி 2,50,000. மொத்தம் 8,74,000 பவுண்டு. 2013 பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்றத்தின் கருவூலக் குழு முன் அவர் அமர்ந்தார். பணக்கொள்கையைப் பற்றிக் கேட்டார்கள்; இந்தச் சம்பளத்தையும் வீட்டுப்படியையும் பற்றியும் கேட்டார்கள். அவர்மீது புகார் ஏதும் கிடையாது. தீர்ப்பு சொல்லும் வேலையும் குழுவுக்குக் கிடையாது. நியமனத்தைத் தடுக்கும் அதிகாரமே அதனிடம் இல்லை. பொதுப் பணத்தின் மீது இவ்வளவு அதிகாரம் பெறப்போகிறவர் யார், என்ன நினைக்கிறார், எவ்வளவு வாங்கப்போகிறார் என்பதை மக்கள் பார்க்கும்படி வெளிச்சத்தில் வைப்பதுதான் அங்கே நடந்தது. ஜூலையில் அவர் பதவியேற்றார். இதற்கு விசாரணை என்று பெயர் வைத்தால் வந்தவருக்கும் அநியாயம், குழுவுக்கும் அநியாயம். வந்தவர் சந்தேகத்துக்கு உரியவர் ஆகிறார். குழுவோ, யாரையும் தண்டிக்காமல் விட்டதால் கையாலாகாத நீதிமன்றம் போலத் தெரிகிறது.

அதே பிரிட்டனில் குழுவின் கை ஓங்கிய இடங்களும் உண்டு. 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் வரவுசெலவைக் கணித்துச் சொல்லும் தனி அமைப்பான வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் தலைவரை நியமிக்கக் கருவூலக் குழுவின் இசைவு வேண்டும். தலைமைத் தணிக்கையாளர் விஷயத்தில், பொதுக் கணக்குக் குழுத் தலைவரின் ஒப்புதலோடுதான் பிரதமர் சபையில் தீர்மானம் கொண்டுவர முடியும். சம்பளத்தையும் அந்த இருவரும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும். இந்தியாவில் தலைமைத் தணிக்கையாளரை எந்தக் குழுவும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 148ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். சம்பளத்தை நாடாளுமன்றம் சட்டத்தால் நிர்ணயிக்கிறது. அந்தச் சம்பளம் 112ஆம் உறுப்பின்படி அரசின் வருவாய் சேரும் திரள்நிதியிலிருந்து நேராகப் போகும். 113ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் அதைப் பற்றிப் பேசலாம், ஆனால் வாக்கெடுக்க முடியாது. பேசலாம், கேட்கலாம், பார்க்கலாம், கைவைக்க முடியாது என்ற இந்த நிலை வழக்கும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. இதற்கென்று தனிச்சொல் இல்லாமல் எப்படி எழுதுவது?

விசாரணை வேண்டாம் என்பவர்களில் பலர் ‘கூராய்வு’ என்கிறார்கள். தூய தமிழ், சுருக்கமான சொல், கூர்ந்து ஆய்தல் என்று பிரித்தால் பொருளும் சரி. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. தமிழ் வாசகர் கூராய்வு என்ற சொல்லைத் தினமும் பார்ப்பது உடற்கூராய்வில்தான். அது கூறாய்வா கூராய்வா, றகரமா ரகரமா என்ற சண்டையே இன்னும் ஓயவில்லை. ‘ஆளுநர் நாடாளுமன்றக் கூராய்வுக்கு உட்படுத்தப்பட்டார்’ என்று படித்தால் பிணவறைதான் கண்முன் வருகிறது. தூய்மை மட்டும் போதாது. சொல் எங்கெங்கே புழங்கி வந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘தணிக்கை’ எழுதலாம் என்றால், அது கணக்குக்கும் சினிமாவுக்கும் போய்விட்டது. (இலங்கையில் கணக்காய்வு என்று எழுதிக் குழப்பத்தைத் தவிர்த்துக்கொண்டார்கள், இங்கும் அதைப் பின்பற்றலாம்.) ‘கண்காணிப்பு’ பின்தொடர்ந்து உளவு பார்ப்பது போல ஒலிக்கிறது. வெறும் ‘ஆய்வு’ பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும், அமைச்சர் மருத்துவமனைக்குத் திடீரென்று போய்ப் பார்ப்பதற்கும் பொருந்தும்.

பழைய வழக்கைத் தேடினால், ஆளை எடுத்துப் பதவியில் வைப்பதற்கென்றே வள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரம் எழுதியிருக்கிறார். ‘தேறற்க யாரையும் தேராது’ என்கிறார், அதாவது ஆராயாமல் யாரையும் நம்பாதே. தேர்தல்தான் சரியான வேர், ஆனால் அது வாக்குச்சாவடிக்கும் தேர்வு அறைக்கும் போய்விட்டது. மீட்க முடியாது. மிஞ்சியிருப்பது துருவுதல். நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவதை ‘தீத்துரீஇ யற்று’ என்று இன்னொரு குறள் சொல்கிறது. துரீஇ என்பது துருவி. துளைத்தல், சுரண்டுதல், தேடுதல் எல்லாம் அந்த ஒரே வினைக்குள் இருக்கின்றன. லத்தீனில் குப்பையைக் கிளறித் தேடியதற்கு இதைவிட நெருக்கமான உறவு கிடைக்காது. இன்றும் ‘துருவித் துருவிக் கேட்டார்கள்’ என்று யாரும் கற்றுத்தராமலே சொல்கிறோம். துருவப்படுகிறவர் குற்றவாளி என்ற தொனியும் அதில் இல்லை. கேட்பவர் விடமாட்டார் என்பது மட்டும்தான் இருக்கிறது. ஆகவே துருவாய்வு. தேங்காய் நினைவு வருகிறது என்பார்கள். வரட்டும், பிணவறை நினைவைவிட அது மேல்.

அமர்வுக்குக் கேட்பு என்பதே போதும். ‘கருத்துக் கேட்புக் கூட்டம்’ ஏற்கெனவே ஊரெல்லாம் புழங்குகிறது. ‘நியமனத்துக்கு முந்தைய கேட்பில் ஆளுநரின் சம்பளமும் துருவாய்வுக்கு வந்தது’ என்று எழுதினால் எந்த வாசகரும் தடுக்கி விழமாட்டார்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ‘சம்பளம் ஆய்வின் கீழ் வந்துள்ளது’ என்று எழுதுகிறார்கள். எதன் கீழ் எது வந்தது? ‘சம்பளத்தைத் துருவுகிறார்கள்’ என்றால் முடிந்தது. இன்னொரு பக்கம், உறுப்பினர் கொஞ்சம் அழுத்திக் கேட்டாலே ‘வறுத்தெடுத்தனர்’ என்கிறார்கள். அமைதியாக உட்கார்ந்து கணக்குக் கேட்பது ஜனநாயகத்தின் அன்றாட வேலை. அதை ஒருநாள் காவல்நிலையமாகவும் மறுநாள் அடுப்படியாகவும் ஆக்கிவிட்டால், குழு ஏன் கூடியது என்பதே வாசகருக்குப் போய்ச் சேராது.

வேட்புமனு பரிசீலனையை மட்டும் தொட வேண்டாம். ஆங்கிலத்தில் அதுவும் ஸ்க்ரூட்டினிதான். ஆனால் அங்கே நடப்பது கையெழுத்து இருக்கிறதா, வயது சரியா, வைப்புத்தொகை கட்டியாயிற்றா என்று தாளைச் சரிபார்ப்பது. யாரையும் துருவுவதில்லை, மனு ஏற்பு அல்லது தள்ளுபடி, அவ்வளவுதான். அதற்குப் பரிசீலனையே இருக்கட்டும்.