புயலுக்கு 72 மணி நேரம் முன்னால்

2019 மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே ஃபானி புயல் கரையைக் கடந்தபோது, சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்தப் புயலில் ஒடிசாவில் இறந்தவர்கள் 64 பேர். 1999இல் அதே மாநிலத்தைத் தாக்கிய பெரும்புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். 1999 புயல் இன்னும் வலியதுதான். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குக் காற்றின் வேகம் மட்டும் காரணமாகாது.

அப்போது பேரிடர் என்றாலே நிவாரணம்தான். டெல்லியில் அதைக் கவனித்தது வேளாண் அமைச்சகம். பஞ்ச காலத்திலிருந்து வந்த பழக்கம். 2002இல் வறட்சி போன்ற சில நீங்கலாக மற்றவை உள்துறைக்கு மாறின. 2004 சுனாமிக்குப் பின், 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த தேசிய ஆணையத்தின் தலைவர் பிரதமர். ஆணையம் கொள்கையும் வழிகாட்டுதலும் வகுக்கும். புயல் நெருங்கும் நாட்களில் துறைகளை ஒருங்கிணைப்பதோ, அமைச்சரவைச் செயலர் தலைமையிலான நெருக்கடி மேலாண்மைக் குழு.

வானிலைத் துறையின் முதல் அறிக்கை குறைந்தது 72 மணி நேரம் முன்னதாக அமைச்சரவைச் செயலருக்கும் கடலோர மாநிலத் தலைமைச் செயலர்களுக்கும் போகிறது. அடுத்து 48 மணி நேரம் முன்னதாக ஒன்று, 24 மணி நேரம் முன்னதாக ஒன்று. 12 மணி நேரம் முன்னதாக வரும் கடைசி அறிக்கை, கரையைக் கடந்தபின் உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லும்.

ஏன் இத்தனை முன்னதாக? புயலில் பெரும் உயிர்ச்சேதம் செய்வது பெரும்பாலும் காற்றல்ல, கடல் ஊருக்குள் ஏறும் புயல் அலை. கரையோரம் ஆழமில்லாமல் இருந்து, கடல் மட்டம் ஏறும் ஓத நேரமும் சேர்ந்துகொண்டால் நீர்மட்டம் இன்னும் உயரும். எந்த ஊர்களைக் காலி செய்வது என்பதை, நீர் எவ்வளவு ஏறும் என்ற இந்தக் கணக்கு சொல்கிறது. புயலின் மையம் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே பலத்த காற்று தொடங்கிவிடும். அதன்பின் பேருந்து ஓட்ட முடியாது. அதனால் கரை கடக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பாதை முழுசாகத் தெளிவாவதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும். புயல் திசை மாறிவிட்டால் திட்டு அவருக்குத்தான். என் கணிப்பில் இந்த ஏற்பாட்டிலேயே கடினமான வேலை அதுதான்.

மக்களை வெளியேற்றுவது மாநிலத்தின் பொறுப்பு. டெல்லி ஆள் அனுப்புகிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு 16 பட்டாலியன்கள். நான்காவது நம் அரக்கோணத்தில். சுமார் 45 பேர் கொண்ட அணிகள் மரம் அறுக்கும் இயந்திரம், ரப்பர் படகுகளோடு முன்கூட்டியே போய் நிற்கும். மரங்கள் விழுந்து சாலை அடைபட்டபின் கிளம்பினால் யாரும் போய்ச் சேர முடியாதே!

எச்சரிக்கைச் செய்தியிலும் ஒரு நுட்பம் உண்டு. குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போவதால் நெரிசலில் தேங்கும். செல் ஒலிபரப்போ கோயில் ஒலிபெருக்கி மாதிரி: செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள, அந்த வசதி கொண்ட போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும். யாருடைய எண்ணும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2023இல் நாடு முழுக்கச் சோதனை நடந்தபோது பலர் பதறிப்போனது இதனால்தான்.

காற்று ஓய்ந்தபின் வேகம் குறைகிறது. மாநிலப் பேரிடர் நிதியில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 75 சதவீதம். இதை உடனே செலவழிக்கலாம். அது போதாதென்றால் மாநிலம் கோரிக்கை மனு தர வேண்டும். மத்தியக் குழு வந்து சேதத்தைப் பார்க்கும். அதன் அறிக்கையைச் செயலர்கள் மட்டத்தில் ஆராய்ந்தபின், உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு தொகையை முடிவு செய்யும். பொதுப்பணத்துக்குக் கணக்கு தேவைதான். ஆனால் 2018இல் கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்த டெல்டா விவசாயிக்கு, புதுக் கன்று காய்க்கவே பல ஆண்டுகள் ஆகும். முன்னெச்சரிக்கைக்கு மணிக்கணக்கில் கெடு வைத்த அமைப்பு, இந்தக் கோப்புகளுக்கும் ஒரு கெடு வைக்கலாம்.