மசோதா: மையால் கறுத்த தாள்

2017 ஜனவரி கடைசியில் வேப்பனஹள்ளிப் பக்கத்து ஊர் ஒன்றில், வருடாவருடம் எருது விடும் விழாவை முன்னின்று நடத்தும் பெரியவர் நாலாக மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். பேரவையில் நிறைவேறிய ஜல்லிக்கட்டு மசோதாவின் நகல். "ஜல்லிக்கட்டுன்னு மட்டும் போட்டிருக்காங்களே தம்பி, நம்ம எருது விடுறதும் இதுல வருதா, பாரு" என்றார். பார்த்தேன். ஜல்லிக்கட்டு என்றால் எது என்று விளக்கும் பிரிவிலேயே மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா எல்லாம் அதில் அடங்கும் என்று இருந்தது. விரல் வைத்துக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் அடுத்த கேள்வி: "மசோதான்னா சட்டம்தானே?"

இல்லை. சட்டமாகப் போவது, ஆனால் இன்னும் ஆகாதது. அதுதான் மசோதா.

சொல் அரபியிலிருந்து வந்தது. கறுப்பைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த 'முசவ்வதா'வுக்கு 'கறுக்கப்பட்டது' என்று பொருள். சூடான் நாட்டின் பெயரும் அதே வேர்தான். எழுதி, அடித்து, மேலே திருத்தி, ஓரத்தில் சேர்த்து, மையால் கறுத்துப்போன தாளை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வைத்த பெயர் அது. பிழை திருத்தி எழுதிய சுத்தப் பிரதிக்கு அரபியில் 'வெளுக்கப்பட்டது' என்று பெயர். எழுதுகிற வேலையை நன்றாக அறிந்தவர்கள் வைத்த பெயர்கள் என்று நினைக்கிறேன்.

பாரசீகம், உருது வழியாக அது இந்திய அலுவலகங்களுக்குள் நுழைந்தது. அமல், ரத்து, ராஜினாமா, தாசில்தார் எல்லாம் இதே குடும்பம். தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய நம் பகுதியின் பழைய பெயரான பாரமகாலும் இப்படி வந்ததுதான். இந்தியில் 'மசௌதா', தெலுங்கில் 'முசாயிதா' என்றால் இன்றும் வெறும் வரைவுதான். கன்னடத்தில் 'மசூதெ' என்றால் சட்டசபைக்கு வரும் வரைவு. தமிழும் கன்னடத்தோடு சேர்ந்துகொண்டது. ஓசூரில் மூன்று மொழிப் பத்திரிகையும் படிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்கும்.

தமிழில் இதற்கு நல்ல சொல் உண்டு: சட்டமுன்வடிவு. நம் பேரவை ஆவணங்களில் இதுதான் இருக்கிறது. சட்டம் என்ற வடிவத்துக்கு முன்னால் உள்ள வடிவம். சொல்லே விளக்கமாகவும் இருக்கிறது. 'சட்ட வரைவு' என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் அரசு ஒரு வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டமும் உண்டு. அதற்கு 'வரைவு' என்பதையும், பேரவையில் வைக்கப்பட்டதற்கு 'முன்வடிவு' என்பதையும் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பேரவை நிகழ்ச்சிகளைப் பின்தொடர்கிறவர்களுக்கு இந்த 'முன்' மிக முக்கியம். அமைச்சர் முன்வடிவை அறிமுகம் செய்வார். பிறகு அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும். உறுப்பினர்கள் பேசுவார்கள், திருத்தம் கொடுப்பார்கள். பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு நடக்கும்: "ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க" என்று பேரவைத் தலைவர் கேட்பார். நிறைவேறிய பிறகும் ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். ஒன்றிய அரசின் சட்டத்தோடு முரண்படக்கூடிய பொருள் என்றால் குடியரசுத் தலைவர் வரை போக வேண்டும். ஜல்லிக்கட்டு முன்வடிவு 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வந்தது. அதனால் 2017 ஜனவரி 23 அன்று பேரவையில் நிறைவேறியும் டெல்லிக்குப் போனது. ஜனவரி 31 அன்று ஒப்புதல் கிடைத்தது. பெரியவர் என்னிடம் தாளை நீட்டியது அந்த இடைப்பட்ட நாட்களில்.

தீர்மானத்தையும் மசோதாவையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். தீர்மானம் பேரவையின் கருத்து, அல்லது ஒரு வேண்டுகோள். அது எவ்வளவு ஆரவாரத்தோடு நிறைவேறினாலும் சட்டமாகாது. அவசரச் சட்டம் வேறு: பேரவை கூடாத நாட்களில் ஆளுநர் பிறப்பிப்பது, உடனே நடப்புக்கு வரும், ஆனால் பேரவை மறுபடி கூடி ஆறு வாரத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் முன்வடிவு வந்து நிறைவேற வேண்டும்.

'மசோதா'வை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேச்சில் அது ஊறிவிட்டது. ஆனால் எழுதும்போது 'சட்டமுன்வடிவு' என்று எழுதுங்கள் என்று மனதாரக் கேட்கிறேன். தருமபுரி மாவட்டத்தின் 5 தொகுதிகளுக்கும் கிருஷ்ணகிரியின் 6 தொகுதிகளுக்கும் அந்த அவையில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முன்வடிவில் நம் ஊர் வழக்கின் பெயர் விட்டுப்போயிருந்தால் திருத்தம் கொடுக்கச் சொல்லி அவர்களைக் கேட்க வேண்டிய நேரம் அந்த 'முன்'தான்.

ஒப்புதல் வந்த செய்தி கேட்டதும் பெரியவர் கலெக்டர் ஆபீசுக்கு அனுமதி மனு எழுதச் சொன்னார். மனுவோடு சேர்த்த நகலில் 'எருதுவிடும் விழா' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் அவரே கோடு போட்டார்.