பொருண்மைதான் அடிபட்டுப் போகிறதே, அப்புறம் எதற்கு லேசான கார்?

மூன்று மாதங்களுக்கு முன்னால் மலேசியாவின் தாப்பாவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்து நின்றது. முதல் தலைமுறை, 1.6 லிட்டர், இரண்டே இருக்கை, பல கை மாறி வந்த கார். முடிவெட்டும் கடையில் கிடந்த பத்திரிகையில் இதன் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பதினைந்து வயது. அப்புறம் தங்கை கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று வரிசை கட்டின. தலையில் பாதி முடி போன பிறகுதான் கூரை திறக்கும் கார் வாய்த்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். என்னிடம் படிவம் 5-இல் இயற்பியல் படிக்கும் பையன் ஒருவன் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “சார், வளைவுல எவ்வளவு வேகம் போகலாம்னு கணக்குப் போட்டா பொருண்மை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடுது. அப்போ கனமான காரும் இதுவும் ஒண்ணுதானே?”

பையன் சொன்னது புத்தகப்படி சரி. பொருண்மை என்றால் காரின் நிறை (mass). வளைவில் காரை உள்பக்கம் இழுத்துப் பிடிப்பது டயரின் உராய்வு. அது எடையோடு சேர்ந்து கூடும். வளைவில் திருப்பத் தேவைப்படும் விசையும் அதே அளவுக்குக் கூடும். பொருண்மை நீங்கிவிடும். மிஞ்சுவது உராய்வுக் குணகமும் (பாரத்தில் எத்தனை பங்கு பிடியாகக் கிடைக்கிறது என்ற எண்) வளைவின் ஆரமும் மட்டும். வேகமெடுப்பதிலும் பிரேக் சூடாவதிலும் லேசான கார் ஜெயிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். வளைவுக்கு என்ன பதில்?

உராய்வுக் குணகம் மாறாத எண் என்று பள்ளியில் சொல்லித் தருகிறோம். மரத்துக்கும் இரும்புக்கும் அது கிட்டத்தட்ட உண்மை. ரப்பருக்கு இல்லை.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பால் பந்து ஞாபகம் இருக்கும். மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நீள நாடாவாக உரித்து, சுற்றிச் சுற்றிப் பந்தாக்குவோம். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் கூரை உயரம் எம்பும். அப்படி ஒரு பந்தில் மை தடவி, காகிதத்தின் மேல் மெதுவாக அழுத்துங்கள். வட்டமாக ஒரு தடம் விழும். இப்போது எட்டு மடங்கு பலத்தோடு அழுத்துங்கள். தடத்தின் பரப்பு எட்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்குதான் ஆகும். பந்து உருண்டை என்பதால், அமுங்க அமுங்க இன்னும் அதிக ரப்பரை நசுக்க வேண்டியிருக்கிறது; பரப்பு கூடுவது பின்தங்கிவிடுகிறது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882-இல் போட்ட கணக்கு இது. ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்த அதே ஹெர்ட்ஸ்தான்.

ரப்பரின் பிடி, அது உண்மையாகத் தொடும் பரப்பைப் பொறுத்தது. பாரம் எட்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு என்றால், ஒவ்வொரு கிலோ பாரத்துக்கும் கிடைக்கும் பிடி பாதியாகிவிட்டது. தார்ச் சாலையில் இவ்வளவு மோசமில்லை. சாலை ஆயிரக்கணக்கான கல் நுனிகளால் ஆனது. அழுத்த அழுத்தப் புதிய நுனிகள் ரப்பரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால் குணகம் பாதியாவதில்லை, கொஞ்சம் குறைகிறது. கொஞ்சமானாலும் குறைகிறது.

கல் நுனியில் நடப்பதை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அழகு. டயர் வழுக்கப் பார்க்கும்போது, ஒரு கல் நுனி ரப்பருக்குள் அமுங்கியபடி நகர்கிறது. முன்பக்க ரப்பரை அது நசுக்குகிறது. பின்பக்க ரப்பர் உடனே எழுந்து கல்லைத் தள்ளிவிட்டால் கணக்கு நேராகிவிடும், பிடியே இருக்காது. ஆனால் ரப்பர் சோம்பேறி. தாமதமாகத்தான் எழும். முன்னால் முழு எதிர்ப்பு, பின்னால் அரைகுறைத் தள்ளல். அந்த வித்தியாசம்தான் காரைப் பிடித்து நிறுத்துகிறது. இதோடு ரப்பரின் மூலக்கூறுகள் கல்லில் ஒட்டி, இழுபட்டு, விடுபட்டு, மறுபடி ஒட்டுவதும் நடக்கிறது.

இதையெல்லாம் தோண்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் இயற்பியலாளர் அடால்ஃப் ஷாலமாக். பாரம் கூடினால் ரப்பரின் உராய்வுக் குணகம் குறைவதைப் பற்றி 1952-இல் கட்டுரை எழுதினார். 1971-இல் அதைவிட வேடிக்கையான ஒன்றைக் கண்டார். மென்மையான ரப்பரை ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக்கின் மேல் தேய்த்து, மறுபக்கத்திலிருந்து பார்த்தார். ரப்பர் மொத்தமாகச் சறுக்கவில்லை. மெல்லிய மடிப்புகள் அலை அலையாக ரப்பரின் ஊடே ஓடின. மடிப்பு கடந்த இடம் மட்டும் ஒரு துளி முன்னேறியது. கனமான பாயை இழுக்காமல், ஓரத்தில் ஒரு சுருக்கம் எழுப்பி அதை மறுமுனைக்குத் தள்ளினால் பாய் நகரும் அல்லவா? அதேதான். கரடுமுரடான சாலையில் இதை அப்படியே பார்க்க முடியாது. வழவழப்பான பரப்பில் ரப்பர் இப்படித்தான் நடக்கிறது. எனக்கு இயற்பியலில் பிடித்த பத்து விஷயங்களைச் சொல்லச் சொன்னால் இது முதல் மூன்றில் வரும்.

ஷாலமாக் வேலை செய்த ஆய்வுக்கூடம் இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்தது. அதற்குப் பணம் வந்தது மலாயா ரப்பர் மீது விதிக்கப்பட்ட செஸ் வரியிலிருந்து. அதாவது விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நெற்றி விளக்கோடு மரம் சீவிய எங்கள் அம்மா மாதிரியானவர்கள் மங்குக் கிண்ணத்தில் பிடித்த பாலிலிருந்து. லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) மின்சாரம் இல்லாத காலத்தில் அந்தப் பணம் ரப்பர் அலையைப் பார்க்கப் போயிருக்கிறது. இதில் எனக்குக் கோபமும் உண்டு, பெருமையும் உண்டு. ஆராய்ச்சி மானியத்துக்கு மனுப் போடுகிறவர்களிடம் ‘உடனடிப் பயன் என்ன’ என்று கேட்கும் இந்தக் காலத்தில், பிளாஸ்டிக் வழியாக ரப்பரை எட்டிப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்?

சரி, காருக்கு வருவோம். 1000 கிலோ கார். நேராகப் போகும்போது சக்கரத்துக்கு 250 கிலோ. வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது: வெளியே 400, உள்ளே 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். குணகம் 250-இல் 1.00, 400-இல் 0.93, 100-இல் 1.07 என்போம் (கணக்குக்காக நான் எடுத்த எண்கள்தான்). வெளிச் சக்கரத்தின் பிடி 372, உள்ளே 107. நான்கும் சேர்ந்து 958. அதாவது உள்சக்கரம் இழந்ததை வெளிச்சக்கரம் முழுதாக ஈடுகட்டவில்லை. இப்போது அதே டயரில் 2000 கிலோ காரை ஏற்றி, இதே விகிதத்தில் கணக்கிட்டால் கிடைப்பது 2000-க்கு 1600. முப்பது மீட்டர் ஆரமுள்ள வளைவில் முதல் கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை தாங்கும். இரண்டாவது 55-இலேயே வழுக்கத் தொடங்கும். அகல டயர் போடலாமே என்றால், சக்கரம் கனக்கும், அதற்குப் பெரிய பிரேக், அதை இழுக்கப் பெரிய இன்ஜின் என்று எடை எடையைப் பெற்றெடுக்கும்.

இங்கிலாந்தின் லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் இந்தச் சங்கிலியை எதிர்த்திசையில், எடையைக் குறைத்துக் குறைத்து ஓட்டிய மனிதர். அந்த லோட்டஸை 1996-இல் நம் மலேசியக் கார் நிறுவனமான புரோட்டான் வாங்கியது. 2017 வரை கையில் இருந்தது. அதே 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிஸ் சுமார் 725 கிலோ. என் மாஸ்டா 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானபோது 1000 கிலோவுக்குக் கீழே.

கார் வந்த அன்றே சித்தி முனியாண்டி கோவிலுக்கு ஓட்டிவரச் சொல்லி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கினேன். பெரியவர்கள் மனசு நோகக் கூடாது. ஆனால் பழத்தைக் குனிந்து வைத்த யாரும் டயரின் பக்கவாட்டைப் படிக்கவில்லை, நான் உட்பட. விற்றவர் ‘டயர் புதுசு மாதிரி’ என்றிருந்தார். பள்ளங்களும் ஆழமாகவே இருந்தன. முதல் வாரம் கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையில், லாத்தா இஸ்கண்டார் அருவிக்குக் கொஞ்சம் முன்னால், தூறலில் பின்பக்கம் ஒரு முழம் விலகி வந்தது. அருவிப் பக்கம் நிறுத்தி, கை நடுக்கம் நின்ற பிறகு குனிந்து பார்த்தேன். 1109. அதாவது 2009-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர். வருஷக்கணக்கில் வெயிலும் ஆக்சிஜனும் ரப்பர் இழைகளுக்கு இடையே கூடுதல் முடிச்சுகள் போட்டுவிட்டன. நகத்தால் அழுத்தினேன், உள்ளே போகவில்லை. கல் நுனிக்கு மட்டும் அது இடம் கொடுக்குமா?

நான்கு புது டயர் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை அம்மாவை முன் இருக்கையில் ஏற்றினேன். உட்காருவதற்குமுன் டயரின் மேல்பரப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“இதுல நம்ம பால் இருக்காடா?”

தரையைத் தொடும் பகுதி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர். இயற்கை ரப்பர் அதிகம் இருப்பது உள்ளடுக்குகளிலும் பக்கவாட்டிலும். லாரி, விமான டயர் என்றால் கதை வேறு.

“ஓரத்துல இருக்கும்மா” என்றேன்.

அம்மா ஓரத்தையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினார்.