பப்பாளிக்குத் தடை, தேநீருக்கு இல்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் கர்ப்பிணி எதைத் தொடக்கூடாது என்பதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வார், சந்தையில் காய்கறி விற்பவர்கூடச் சொல்வார். பப்பாளி, அன்னாசி, எள் எல்லாம் சூடு. தாய் சேய் நலப் பிரிவில் தாதியாக இருக்கும் நான் இந்தப் பட்டியலை அன்றாடம் கேட்கிறேன். அதில் தேநீரை யாரும் சேர்த்ததே இல்லை.

அண்மையில் ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9.4 காட்டியது. கர்ப்பகாலத்தில் 11-க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகைதான். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன். "ஒரு நாள்கூட விட்டதில்லை மிஸ்ஸி" என்றார். பொய்யில்லை. ஆனால் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வருவதற்குள் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தே. தேயிலையில் உள்ள டானின் வகைப் பொருள்கள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. குடல் உறிஞ்சுவது குறைந்துபோகிறது. காபியும் அப்படியே செய்யும். பாலில் இருக்கும் கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

அந்தக் குவளைக்குள் வேறொன்றும் இருக்கிறது. கடைக்காரர் தே ஆற்றும்போது பாருங்கள்: அடியில் விரல் தடிமனுக்கு டின்பால், அதன்மேல் தேயிலைச் சாயம், சில கடைகளில் அதற்கும் மேலே சீனி. டின்பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். உறையைப் படித்தால் பல டின்களில் பால் என்றே இருக்காது, கிரீமர் என்றிருக்கும்; நம்மைச் சுற்றி விளைகிற செம்பனையின் எண்ணெய்தான் அதில் சேர்கிறது. பிள்ளைக்கு எலும்பு பலப்படும் என்று அதைக் குடிப்பவர்களை எப்படித் திருத்துவதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள புட்டி, டின் பானங்களுக்கு அரசு 2019 ஜூலையில் வரி போட்டது. கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேநீருக்கு வரியும் இல்லை, அளவும் இல்லை.

கர்ப்பகால நீரிழிவுக்கான சோதனையில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுப்போம். இரத்தத்தில் சீனி வெறும் வயிற்றில் 5.1 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 7.8, இவற்றில் ஒன்றை எட்டினாலும் நீரிழிவு என்றே கொள்கிறோம். சோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் இனிப்பை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தேர்வில் பாஸாகிவிட்டதாக அவர்களுக்கு மகிழ்ச்சி. கட்டுப்படாத சீனியால் பிள்ளையின் எடை கூடிப் பிரசவம் சிக்கலாவதை அந்த இரண்டு நாள் தடுக்காது.

காபியை நிறுத்தத் தேவையில்லை, குறைத்தால் போதும். கஃபீன் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது பொதுவான அறிவுரை. நம் ஊர்க் கடைக் காப்பிக்கொட்டை பெரும்பாலும் ரொபஸ்டா வகை. அராபிக்காவைவிடக் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே கெட்டியான கோப்பி ஓ (பால் சேர்க்காத காபி) ஒன்று குடித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இனி அந்தப் பப்பாளி. காயிலும் செங்காயிலும் உள்ள பால் கருப்பையைச் சுருங்கவைக்கக்கூடியது என்பதற்கு அடிப்படை உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் எலிகளிடம் சோதித்தபோது காயின் பால் அப்படித்தான் செய்தது. நன்கு பழுத்த பழம் செய்யவில்லை. பாட்டி சொன்னதில் பாதி சரி. பழுத்த பழத்தில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது, அது இரும்புச்சத்து உடலில் சேர உதவும். மாத்திரைக்குத் துணையாக வேண்டியதை விலக்கிவிட்டு எதிரியைக் கூட வைத்திருக்கிறோம். பப்பாளி மனத்துக்கு ஒப்பவில்லையென்றால் கொய்யா சாப்பிடலாம். அன்னாசியைச் சாதாரண அளவில் தின்றால் கரு கலையும் என்பதற்குச் சான்றில்லை.

எனக்கு உண்மையான கவலை, பாசத்தோடு ஊட்டப்படும் பொருள்களில்தான். இரத்தம் ஊறட்டும் என்று வாரத்துக்கு மூன்று முறை ஈரல் பிரட்டல். 100 கிராம் ஆட்டு ஈரலில் உள்ள வைட்டமின் ஏ, ஒரு நாளைய உச்ச வரம்பான 3,000 மைக்ரோகிராமை எளிதாகத் தாண்டிவிடும். அளவு மீறினால் கருவின் உருவாக்கத்தையே பாதிக்கலாம். சுவரொட்டியில் (ஆட்டு மண்ணீரலில்) அந்தத் தொல்லை இல்லை, நன்றாக வெந்தால் சரி. சுறாப் புட்டு வேண்டாம். பெரிய மீனைத் தின்று வளரும் சுறாவின் உடலில் பாதரசம் சேர்கிறது, அது கருவின் மூளையைத் தாக்கும். கெம்போங் (கானாங்கெளுத்தி), நெத்திலி போன்ற சிறு மீன்கள் போதும். சீனர் கடை அரைவேக்காட்டு முட்டையையும், வெந்நீரில் முக்கியெடுத்த கெராங் சிப்பியையும் பிரசவம்வரை மறந்துவிடுங்கள்.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. உடம்புக்கு நல்லது என்று கொடுக்கப்படும் கறுப்பு பீருக்கும் பிராந்திக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, இரவுச் சந்தை வேர்களும் பொடிகளும். சுகப்பிரசவத்துக்கென்று ரும்புட் பாத்திமா என்ற காய்ந்த மூலிகையை ஊறவைத்த நீரை மலாய்த் தோழிகள் அன்போடு தருவார்கள். இப்போது நம் பெண்களும் குடிக்கிறார்கள். கருப்பை எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்று யாராலும் அளக்க முடியாத நீர் அது. பொட்டலத்தில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் அரசு மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தாலும் கர்ப்பிணிக்கு ஏற்றதா என்பது தனிக் கேள்வி. குடிப்பதற்கு முன் பொட்டலத்தோடு கிளினிக்குக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.